எழுபத்திரண்டாவது நிமிசம்

பிரார்த்தனையாம். ஒரு கூச்சமில்லாமல் தங்க எழுத்திலை அடிச்சு வைச்சிருக்கிறாங்கள், பிரார்த்தனை செய்யும் கை எண்டு. என்ரை கை அது. தகரப் பெட்டியின்ரை மூடியிலை, கறுப்புப் பின்னணியிலை, விரல் விரிஞ்சு, விரலுக்குள்ளாலை மண் கொட்டுப்பட, என்ரை கை. சின்ன விரல் வளைஞ்சு கிடக்கிறதைப் பாத்தாலே பெத்த தாய் சொல்லுவா இது ஜெயரூபன்ரை கையெண்டு. நான் தலை காட்டின கொரியாப் படத்தின்ரை, சேகரிப்பாளருக்கான சிறப்புப் பதிப்பாம். உலகத்துக்கே ரெண்டாயிரம் பெட்டிதானாம், எனக்கு வந்தது நானூற்றிப் பதினேழாவது. உள்ளுக்கை மூண்டு டிஸ்க், எட்டுத் தபாலட்டை, மடிச்ச போஸ்டர், வசனப் புத்தகம், நூற்றிருபது பக்கத்திலை கட்டுரைப் புத்தகம், எல்லாத்துக்கும் மேலாலை, கோதாரி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியிலை மண். படம் எடுத்த இடத்து மண்ணாம். தக்கை அடைச்சு, மெழுகு ஊத்தி, மண்ணை விக்கிறாங்களடா. கட்டுரைப் புத்தகத்தை என்ரை மனுசி ரூபிதான் வாசிச்சுத் தமிழிலை சொன்னவ, இங்கிலீஸ் ரீச்சரெல்லோ. எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எழுதியிருக்கிறார், தமிழ் இந்துக்கள் செத்தவரை அடக்கம் பண்ணேக்கை ஒரு பிடி மண்ணை வானத்துக்கு எறிஞ்சு தங்கடை தெய்வங்களைக் கூப்பிடுவினமாம், அந்த ஆதிச் சடங்கை இந்தத் தொழிலாளி தன்ரை உடம்பிலை சுமந்து வந்திருக்கிறாராம். ஆரிட்டையடா கேட்டனீ? எந்தத் தமிழன் உனக்குச் சொன்னவன்? மண் அள்ளித் திட்டுறதெண்டால் எங்கடை பக்கத்திலை பால்குடிக்கும் தெரியும். வேலிச் சண்டை முத்தினால் தலைமயிரை அவிட்டுப் போட்டுட்டு ரோட்டு மண்ணை ரெண்டு கையாலையும் அள்ளி, நாசமாப் போவாய், உன்ரை குடி விளங்காது எண்டு எறிவினம். அதைத்தான் நான் செய்தனான். வயிறெரிஞ்சு செய்தனான். ரூபி புத்தகத்தை மூடிப்போட்டுச் சிரிச்சவ, என்னப்பா, நீங்கள் கோயில் வாசலுக்கே வராத ஆள், கொரியாவிலை போய்ப் பிரார்த்தனை செய்தனீங்களோ எண்டு. ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனனான். வேறை என்னத்தைச் சொல்லுறது.

இப்ப பத்தொன்பதாவது நிமிசம் ஓடுது. ரீவிக்குக் கீழை கலியாண வீடியோ எடுக்கிற பெனடிக்ற்றிட்டை இரவல் வாங்கின பிளேயர், அதிலை பச்சை இலக்கம் நகருது. பக்கத்துக் கதிரையிலை கௌசலா அக்கா. கொரியாவிலை என்னோடை வேலை செய்த தயாபரன் அண்ணையின்ரை மனுசி. ரூபி வாயை வைச்சுக்கொண்டு சும்மா இராமல் வெள்ளிக்கிழமை கோயிலிலை கண்டு சொல்லிப்போட்டா, இவர் நடிச்ச கொரியாப் படம் பெட்டியோடை வந்திருக்கு எண்டு. ரூபி பள்ளிக்கூடத்திலை சோதினை மேற்பார்வை. அக்கா மத்தியானம் சாப்பிட்ட கையோடை வந்து நிக்கிறா, தம்பி, அந்தாள் இருந்த நாட்டை ஒருக்காக் கண்ணாலை பாக்கோணும், போடும் எண்டு. போடேலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிளேயர் பழுதெண்டு சொல்லியிருக்கலாம். கறண்ட் இல்லையெண்டு சொல்லேலாது, தலைக்கு மேலை காத்தாடி சுத்துது. ஒரு பொய் வேண்டின நேரத்திலை ஒரு பொய்யும் வாயிலை வரேல்லை, வேண்டாத இடத்திலை மட்டும் வடிவா வந்தது. எழுபத்திரண்டாவது நிமிசத்திலை இந்த ரீவிக்குள்ளை இருந்து நான் தமிழிலை வாய் திறப்பன். நாற்பது செக்கன். அதிலை தயாபரன் அண்ணையின்ரை பேர் வருது. அவர் எப்பிடிச் செத்தவரெண்டு வருது. ஒன்பது வருசமா இந்தப் பொம்பிளைக்கு நான் சொல்லி வைச்சிருக்கிற கதை அதில்லை. றிமோட் என்ரை கையிலைதான் கிடக்கு. ஒரு பொத்தானை அமத்தினால் எழுபத்திரண்டு எழுபத்தஞ்சாகும்.

"இதென்ன தம்பி, தக்காளியோ?" எண்டு கேக்கிறா. படத்திலை முதலாளியின்ரை மகள் ஒரு செம்மஞ்சள் பழத்தைத் தோல் சீவுறாள். இல்லை அக்கா, அது அங்கத்தைப் பழம், குளிர் காலத்திலை பழுக்கிறது, தயாபரன் அண்ணைக்குச் சரியான விருப்பம் எண்டு சொல்லிப்போட்டு நாக்கைக் கடிச்சன். விருப்பமோ, ஒருநாளும் சொல்லேல்லையே எண்டா. எப்பிடிச் சொல்லியிருப்பார்? கிழமைக்கு ஒருக்கா ரெலிபோன் எடுப்பார், எடுத்தால் பிள்ளை சாப்பிட்டவளோ, பிள்ளைக்குச் சளி சுகமோ, அதுதான் கதை. பேந்து அவ தானாகவே, "விருப்பமான சாமான் எல்லாம் அங்கை கிடைச்சிருக்கும்தானே" எண்டா. அந்தச் சொல்லுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். போத்தல் கிடக்கு. கட்டுநாயக்காவிலை பிளேன் ஏறமுதல் அந்த மனுசன் எட்டு வயசுப் பிள்ளையின்ரை தலையிலை கை வைச்சு, இனித் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவர். ஊரிலை இருக்கேக்கை நல்லாக் குடிச்ச மனுசன்தான், அதுவும் மறைக்கத் தேவையில்லை. அந்தச் சத்தியத்தை முறிச்சுத்தான் செத்தவரெண்டு அக்கா நம்புறா. அதாலை அந்த வீட்டிலை அவரின்ரை படம் சுவரிலை இல்லை, அலுமாரிக்குள்ளை உடுப்புக்குக் கீழை கிடக்கு. மகள் டிலக்சனா அதுக்கும் ஒருபடி மேலை. கொழும்பிலை தாதிமாருக்குப் படிக்கிறாள், இருபத்தொரு வயசு. சோதினையிலை ஒருக்காத் தவறினது, காலிலை ஒப்பரேசன் செய்தது, பேசின சம்பந்தம் குழம்பினது, எல்லாம் அப்பா என்ரை தலையிலை பொய்ச் சத்தியம் பண்ணினதாலை எண்டு அவளுக்கு ஒரு நினைப்பு. படிச்ச பிள்ளைதான். ஆனால் தலை தன்ரையெல்லோ. ரூபியிட்டை ஒருநாள் சொல்லி அழுதவளாம். ரூபி எனக்கு வந்து சொல்ல நான் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டனான்.

முப்பத்தாறு. பனி கொட்டுது. டைரக்டர் சோக் மின்ஹா இந்தப் பனிக்கு ரெண்டு கிழமை காத்துக் கிடந்தவர், அதையும் விளக்க உரையிலை சொல்லுறார். மூண்டாவது டிஸ்க்கிலை கிடக்கு, அவரும் கமெராக்காரரும் இருந்து படம் முழுக்கக் கதைக்கினம், நேற்றுக் கதவைப் பூட்டிப்போட்டுத் தனிய இருந்து கேட்டனான். ஆறு வருசம் அங்கை மாடா உழைச்ச எனக்குக் கொரிய பாஷை விளங்காதெண்டு நினைச்சாரோ, இல்லாட்டி நான் கேப்பன் எண்டே நினைக்கேல்லையோ. எழுபத்திரண்டாவது நிமிசம் வரேக்கை குரல் தழுதழுக்குது அவருக்கு. என்ன சொல்லுறார் எண்டு எங்களுக்குத் தெரியாது, தெரியவும் விரும்பேல்லை, வேணுமெண்டே மொழிபெயர்க்காமல் விட்டனாங்கள், விளங்காத பிரார்த்தனைதான் தூய்மையானது எண்டுறார். தூய்மை! உன்ரை தூய்மையிலை இடி விழ. ஒரு மனுசன் உனக்கு முன்னாலை நிண்டு கத்துறான், என்னத்தைக் கத்துறாய் எண்டு ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வரேல்லை, ஆனால் குப்பியிலை மண் அடைக்கக் கை வந்திருக்கு. படத்துக்கு எத்தினை விருது, எத்தினை நாட்டிலை ஓடினது. கனடாவிலை, லண்டனிலை அத்தினை தமிழ்ச் சனம் இருக்கு, ஒருதனும் பாக்கேல்லையோ? ஒருதனும் எழும்பி, ஐயா, அது பிரார்த்தனையில்லை, அந்தாள் தூஷணத்தாலை பேசுறான் எண்டு சொல்லேல்லையோ? எங்கடை சனம் எங்கை கொரியாப் படம் பாக்கும், பாத்தாலும் காதல் நாடகம்தான் பாக்கும். சரி, அவங்களை விடுவம். டைரக்டருக்கு எழுத எனக்கு விலாசம் இருந்தது. பெருநாளுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பினனான், பூப் படம் போட்டு. அதிலை ஒரு வரி எழுத ஆர் என்னைத் தடுத்தது? ஒருத்தரும் தடுக்கேல்லை. இந்த இடத்துக்கு வந்தால் யோசினை வண்டில் மாதிரிச் சரிஞ்சு நிண்டுபோகும், நேற்று முழுக்க இதிலைதான் நிண்டது.

கிறிஸ்தவக் கோயில் மண்டபம் ஒண்டிலை ஞாயிற்றுக்கிழமையளிலை எங்களைப்போல வெளிநாட்டு ஆக்களுக்குப் பாஷை படிப்பிச்சவை. அங்கைதான் டைரக்டர் வந்து எங்களைப் பொறுக்கினவர். அண்ணை செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு. பூட்டின தொழிற்சாலை ஒண்டிலை படப்பிடிப்பு. ஒரு தொழிலாளியைப் புதைக்கிற கட்டம், குழி வெட்டி வைச்சிருக்கு, நான் கரையிலை நிக்கோணும். உன்ரை பாஷையிலை மனசிலை இருக்கிறதைச் சொல்லு எண்டவர். அவ்வளவுதான் சொன்னவர். குழிக்குள்ளை வெறும் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியைப் பாத்த உடனை குனிஞ்சு மண்ணை அள்ளினன், பனியிலை மண் கல்லா இறுகி நகத்துக்குள்ளை ஏறினது. பேந்து என்ன நடந்ததெண்டு எனக்கே தெரியாது. முடிய எல்லாரும் அழுதுகொண்டு நிக்கினம், மேக்கப் போடுற பிள்ளை மூக்கைச் சீறுது, டைரக்டர் என்னைக் கட்டிப் பிடிச்சவர். அவர் கேக்கேல்லை எண்டு இண்டைக்குக் கொதிக்கிறன். அண்டைக்கு அவர் கேக்காதது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தது. ஒருதருக்கும் விளங்காத இடத்திலை உண்மையைச் சொல்லிப்போட்டு, இரவு வந்து வடிவாச் சாப்பிட்டுப் படுத்தனான். பேயன். சரியான பேயன்.

நாற்பத்தொன்பது. "என்ன தம்பி இப்பிடிக் குடிக்கிறாங்கள்" எண்டுறா. படத்திலை தொழிற்சாலை விருந்து நடக்குது. முதலாளி ரெண்டு கையாலையும் ஊத்துறார், பெடியன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக் குடிக்கிறான். அது மரியாதை அக்கா, பெரியாக்களுக்கு முன்னாலை முகத்தைத் திருப்பித்தான் குடிக்கோணும், ஊத்தினால் வேண்டாமெண்டு சொல்லவும் கூடாது எண்டன். "அதுதான் அந்தாளும் மரியாதையாக் குடிச்சிருக்கிறார். பெட்டியிலை வந்த சட்டையை நானே மணந்து பாத்தனான். கழுவக் கழுவப் போகேல்லை." அக்கா, அந்தச் சட்டை. அந்தச் சட்டைக் கையின்ரை கதையை நான் ஒன்பது வருசமாத் தொண்டைக்குள்ளை வைச்சிருக்கிறன். முகத்தைத் திருப்புற மரியாதையைப் பிடிச்சுக்கொண்டுதான் அந்த மனுசன் தப்பினவர். திருப்புற நேரத்திலை கிளாசைச் சரிச்சு முழுக்கச் சட்டைக் கைக்குள்ளை ஊத்திப்போடுவார். கைக்குள்ளை ஒரு துவாய்த் துண்டு மடிச்சு வைச்சிருப்பார். ஒரு சொட்டு உள்ளுக்குப் போகாது. அறைக்கு வந்து துவாயைப் பிழிஞ்சுபோட்டுச் சிரிப்பார், பிள்ளையின்ரை தலைக்கு ஒண்டும் வராது ஜெயரூபன் எண்டு. கடைசி விருந்து முடிஞ்சு அடுத்தநாள் குளிருக்கு அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கினவர். மெசினுக்குள்ளை கை தலை போனால் தானா நிக்கிறதுக்கு ஒரு சென்சர் இருந்தது. மெசின் அடிக்கடி நிண்டு வேலை பிந்துதெண்டு முதலாளி தன்ரை கையாலை அதைக் கழட்டி வைச்சவன், நான் கண்ணாலை கண்டனான். தகரத்துண்டு சிக்கினதை எடுக்க அண்ணை குனிஞ்சவர். விசாரிக்க வந்தவன் சட்டையை மணந்து பாத்தான். முதலாளிக்கு அது போதும். குடிவெறியிலை மெசினுக்குள்ளை தலையை விட்டவர் எண்டு ஒரு கடுதாசி அடிச்சுக்கொண்டு வந்து என்ரை முன்னாலை வைச்சான். பக்கத்திலை வேலை செய்தவன் நான், நான் கண்டனான் எண்டு நான் கையெழுத்து வைக்கோணும். என்ரை விசா முடிய நாலு மாசம், நீடிக்கிற படிவம் அவன்ரை மேசையிலை. ரெண்டு கடுதாசியையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சான். ஒரு வார்த்தை பேசேல்லை, பேனையை மட்டும் நீட்டினான்.

வைச்சனான். முத்து முத்தா வைச்சனான். அதோடை விடேல்லை, லீவிலை அண்ணையின்ரை உடம்போடை ஊருக்கு வந்து இந்தக் கௌசலா அக்காவின்ரை வீட்டு வாசலிலை நிண்டு, அண்ணை கொஞ்சம் போட்டிருந்தவர் அக்கா, நோகேல்லை, தெரியாமலே உயிர் போயிட்டுது எண்டு நானே வாயாலையும் சொன்னனான். கடுதாசியும் வாயும் ஒண்டாயிருக்கோணுமெல்லோ. அவ தலையிலை அடிச்சுக்கொண்டு அழுதது செத்ததுக்கில்லை, சத்தியத்துக்கு. இப்ப நான் ஆரிலை கோவிக்கிறன்? பேராசிரியரிலையோ? அந்தாள் பாவம், தெரியாமல் எழுதினவர். டைரக்டரிலையோ? ஓம், அவரிலையும்தான், கேக்காததுக்கு மன்னிப்பில்லை, குப்பிக்கு மன்னிப்பே இல்லை. ஆனால் பொய்க் கடுதாசியிலை கையெழுத்து வைச்ச அதே கையைத் தகரப் பெட்டியிலை அடிச்சு, பிரார்த்தனை எண்டு பேர் வைச்சு, ரெண்டாயிரம் பேர் தங்கடை வீட்டு அலுமாரியிலை வைச்சுத் தூசி தட்டப்போகினம். அதை நினைக்கத்தான் உடம்பெல்லாம் எரியுது. அறுபத்தெட்டு. விரல் பொத்தானிலை கிடக்கு. அமத்தன், அமத்தினால் போச்சு. பெட்டியை மூடி மேலை பரணிலை போடலாம். அக்கா வீட்டை போய், நல்ல நாடுதான், சரியான குளிர் எண்டு ஆருக்காவது சொல்லுவா. டிலக்சனா தன்ரை தலையைத் தடவிக்கொண்டு இன்னும் நாற்பது வருசம் இருப்பாள். எழுபது. "தம்பி, தேத்தண்ணி ஆறுது, குடியும்" எண்டுறா. எனக்கு அந்தக் கரிசனை தாங்கேலாமல் கிடக்கு. எழுபத்தொண்டு. குழி தெரியுது. நான் தெரியிறன், மெலிஞ்சு, தொப்பி போட்டு. "ஐயோ, இது நீரெல்லோ!" எண்டு சந்தோசமாச் சிரிக்கிறா. றிமோட்டை மேசையிலை வைச்சிட்டன். தூர, அவவின்ரை பக்கமா.

படத்திலை நான் குனிஞ்சன். "அண்ணை குடிக்கேல்லையடா! தயாபரன் அண்ணை ஒரு சொட்டும் குடிக்கேல்லையடா! நீயெல்லோடா சென்சரைக் கழட்டினனீ! கழட்டிப்போட்டுச் செத்தவன்ரை தலையிலை பழி போட்டனீ! நாசமாப் போவாய்! உன்ரை மெசின் எல்லாம் துருப்பிடிக்க, உன்ரை வாசலிலை புல்லு முளைக்க, உன்ரை குடி விளங்காது! கையெழுத்து வைச்ச கையும் அழுகிப் போக!" மண் பறந்தது. கீழை எழுத்து ஒண்டும் வரேல்லை, வெறும் கறுப்பு. அடுத்த காட்சியிலை முதலாளியின்ரை மகள் கார் ஓட்டுறாள், பியானோ வாசிக்குது. நான் ரீவியைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன், பக்கம் திரும்பக் கழுத்து வரேல்லை.

"நிப்பாட்டும்" எண்டா. றிமோட் அவவின்ரை பக்கம் எண்டதும் நினைவில்லை, எழும்பிப் போய்ப் பிளேயரிலை அமத்தினன். "திருப்பிப் போடும்." போட்டன். முழுக்கக் கேட்டா. "இன்னொருக்கா." மூண்டாம் தரமும் அந்த மண் பறந்தது, மூண்டாம் தரமும் நான் கத்தினன், எனக்கு என்ரை குரலைக் கேக்க வெக்கமாக் கிடந்தது. காத்தாடி கடகடவெண்டு சுத்துது.

"அப்ப அந்தச் சட்டை?"

"கைக்குள்ளை ஊத்தினவர் அக்கா. முகத்தைத் திருப்பிக் கைக்குள்ளை ஊத்துறவர். நாலு வருசமும் அப்பிடித்தான்."

"கைக்குள்ளையோ." தன்ரை சீலைத் தலைப்பை மணிக்கட்டிலை சுத்தினா, அவிட்டா. "அந்தக் கையைத்தான் நான் மணந்து பாத்துக் காறித் துப்பினனான். கையெழுத்து வைச்சதெண்டு சொல்லுறீரே, அது ஆர்?"

பழி போட ஒரு பேரும் வாயிலை வரேல்லை. ஒரு வங்காளியின்ரை பேர், ஒரு நேபாளியின்ரை பேர், எத்தினை பேர் அங்கை வேலை செய்தவை. "நான்தான் அக்கா."

அடிப்பா எண்டு நினைச்சன். அடிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கத்துவா எண்டு நினைச்சன், அதுவும் இல்லை. "எனக்கு நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, நான் கேட்டிட்டன்" எண்டுபோட்டுக் கைப்பையைத் திறந்து ரெலிபோனை எடுத்தா. கண்ணாடி போடாமல் கிட்டப் பிடிச்சு, தூரப் பிடிச்சு, இலக்கத்தைத் தேடி அமத்தினா. மணி போகுது. "ஒன்பது வருசம் அவளுக்கு நான் சொல்லி வளத்தது என்ரை வாயாலை. மாத்திறது உம்மடை வாயாலை இருக்கட்டும்." சத்தத்தைக் கூட்டி, ரெலிபோனை எனக்கும் தனக்கும் நடுவிலை பிடிச்சா. வேண்டாம் அக்கா, பிள்ளை வகுப்பிலை இருக்கும், நான் நேரை போய்ச் சொல்லுறன், நாளைக்கே பஸ் எடுக்கிறன். இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஒன்பது வருசமா வந்த பொய்யின்ரை தம்பிமார் இதெல்லாம்.

"ஹலோ அம்மா, என்னம்மா இந்த நேரத்திலை?"

"நான் ஜெயரூபன் மாமா கதைக்கிறன் பிள்ளை."

"மாமாவோ? அம்மாக்கு என்ன?"

"அம்மா சுகமா இருக்கிறா. இஞ்சைதான், பக்கத்திலை. பிள்ளை, உம்மடை அப்பா குடிக்கேல்லை. அங்கை இருந்த நாலு வருசமும் ஒருநாளும் குடிக்கேல்லை. உம்மடை தலையிலை வைச்ச சத்தியத்தை அவர் முறிக்கேல்லை. முறிச்சவரெண்டு பொய் எழுதிக் குடுத்தது நான்."

அங்காலை ஆரோ தூரத்திலை சிங்களத்திலை பேர் கூப்பிடுறது மட்டும் கேட்டது. கௌசலா அக்கா ரெலிபோனை என்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தா.

"இன்னொருக்காச் சொல்லும்" எண்டா. "அவளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்."